மாத்திரை இல்லாத மாதம்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் படி ஏறும் பந்தயத்தில் பரிசு வாங்குகிறார் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்தச் சிரிப்பு அவருக்கும் பழகிப் போயிருந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்குப் 'படிக்கட்டு' என்று பெயர் வைத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது. "நம்ம படிக்கட்டு ரிப்பேர் பண்ணிட்டு வந்த லிஃப்ட்ல அவரே ஏற மாட்டாரு, கவனிச்சீங்களா?" என்பது கம்பெனியில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் ஜோக்.

அந்த நகரத்தின் மிக உயரமான கட்டடத்தில் வருஷத்துக்கு ஒரு முறை பந்தயம் நடக்கும். நாற்பத்திரண்டு மாடி, தொள்ளாயிரத்து நான்கு படி. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு என்று தனிப் பிரிவு உண்டு. அதில் சேர்ந்த முதல் வருஷமே அவர் ஆறு நிமிஷம் நாற்பத்தாறு விநாடியில் ஏறி முதலாவதாக வந்தார். மனைவி பிரிந்து போய்ப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. இரண்டு அறை வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, காலையில் பந்தயக் கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டில் பயிற்சி எடுத்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு, வாழ்க்கையில் 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள அந்த ஆறே முக்கால் நிமிஷம் ஒன்றுதான் இருந்தது.

இன்னொன்று அவருடைய தங்கை. அவரைவிட ஆறு வயது இளையவள். அப்பா நாற்பத்தாறு வயதில், ஒரு கன்னம் சவரம் செய்து முடித்து மறு கன்னத்துக்குச் சோப்பு தடவியவர், அப்படியே சரிந்து விழுந்து செத்துப்போனார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது, அவளுக்கு ஒன்பது. அதற்குப் பிறகு அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது, வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அவர்தான். எந்த விஷயத்திலும் கடைசியில் அவள் சொல்வது, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருக்குக் கொழுப்பு ஏகத்துக்கும் இருப்பது தெரிந்தது. "இது சாப்பாட்டால வந்த கொழுப்பு இல்லை, பரம்பரையா வர்றது. உங்க அப்பா போனதும் இதாலதான் இருக்கும். கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களும் பாத்துக்கணும்" என்றார் மருத்துவர். நிதானமாகப் பேசும் பெண்மணி. மெக்கானிக்கும் அடுத்த நாளே தங்கையைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கும் அதே கதைதான். இருவரும் ஒரே வாரத்தில் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார்கள்.

ஐந்தாவது மாதத்தில் அவருடைய கால்கள் கனக்கத் தொடங்கின.

முதலில் தூக்கம் போதவில்லை என்று நினைத்தார். பிறகு ஷூவைச் சந்தேகித்தார், புதிதாக வாங்கினார். பதினெட்டாவது மாடி வரைக்கும் ஒன்றும் தெரியாது. அதற்கு மேல், தொடையில் ஈரத்துணியைச் சுற்றிக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். மூச்சு இருக்கிறது, மனசு இருக்கிறது, கால் மட்டும் வர மாட்டேன் என்கிறது. ஏழு நிமிஷம் முப்பத்தொரு விநாடி என்று கடிகாரம் காட்டிய அன்று, மேல் தளத்தில் சுவரோடு சாய்ந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேலையிலும் அப்படித்தான். லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் குந்தி உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு எழுந்திருக்க, கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து எழுந்தார்.

மருத்துவரிடம் போய்ச் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. "சில பேருக்கு இந்த மாத்திரையால தசை வலி வரும். உங்கள மாதிரி உடம்ப வருத்திப் பயிற்சி பண்றவங்களுக்கு அது கொஞ்சம் சீக்கிரமே தெரியும். ஆனா ஐம்பத்தொரு வயசுல கால் கனக்கறதுக்கு வேற காரணமும் இருக்கலாம். ஒரு மாசம் நிறுத்திப் பாப்போம். ஒரு மாசம் மட்டும்தான். அப்புறம் வேற மாத்திரைக்கு மாறிக்கலாம். தேதி போட்டுத் தர்றேன், தவறாம வரணும்."

"ஒரு மாசம் நிறுத்தினா ஒண்ணும் ஆகாதா?"

"ஒரு மாசத்துக்குப் பயமில்ல. நிறுத்தினது நல்லாருக்குன்னு நீங்க பாட்டுக்கு விட்டுட்டீங்கன்னாதான் ஆபத்து."

மூன்றாவது வாரமே கால் திரும்பி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முப்பதாவது மாடியைத் தாண்டிய பிறகுதான் தொடையைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஏறிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. ஆறு ஐம்பத்தொன்று. தனியாக நின்று சிரித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தங்கை வீட்டில் சாப்பாடு. அவள் கணவர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிறவர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற மனிதர், ரோட்டைக் கடக்கும்போது மூன்று தடவை. மெக்கானிக் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'பிரேக்' என்று பெயர் வைத்திருந்தார். தங்கை அதற்குச் சிரிப்பாள், ஆனால் கோபித்துக்கொள்வது போலச் சிரிப்பாள்.

"கால் வந்துருச்சு மாப்ள" என்றார், சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே. "மாத்திரைய விட்டேன், அவ்வளவுதான். பழைய ஆளாயிட்டேன்."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "டாக்டர் விடச் சொன்னாங்களா மச்சான்?"

"சொன்னாங்க."

"மொத்தமாவா?"

அந்தக் கேள்வி அவருக்குச் சுருக்கென்று பட்டது. தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்ட தோரணை, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு 'இது தெளிவா இருக்கா, இதுவா?' என்று கேட்பது போல் இருந்தது.

"மொத்தமா என்ன, அரைகுறையா என்ன. அவங்க புத்தகத்தப் பாத்துச் சொல்றாங்க, நான் என் கால வச்சு சொல்றேன். தொள்ளாயிரம் படிய அந்த அம்மாவா ஏறப்போறாங்க? இந்த மாத்திரை ஆள உக்கார வச்சிரும் மாப்ள. உயிரோட வச்சிருக்கும், ஆனா உக்கார வச்சிரும்."

"எங்கப்பா உக்காந்த இடத்துலயே இருந்து எண்பத்திரண்டு வயசு வரைக்கும் இருந்தாரு" என்றார் மாப்பிள்ளை.

"அதான் உங்களுக்கும் அந்த ராசி."

தங்கை சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையும் ஒரு மாதிரி சிரித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஒரு மாதம் மட்டும்தான் என்பதை மெக்கானிக் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாப்பிள்ளை ஜெயித்ததாக ஆகியிருக்கும். இத்தனை அற்பமான காரணம்தான். பிற்பாடு எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தும் அவருக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

குறித்த தேதியில் மருத்துவரிடம் போனார். அவர் வேறொரு மாத்திரை எழுதினார். குறைந்த அளவு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மெக்கானிக் மறுபேச்சுப் பேசாமல் அன்றே ஆரம்பித்தார். எவ்வளவு வீராப்புப் பேசினாலும், ஒரு கன்னத்தில் சோப்போடு கிடந்த அப்பாவைத் தரையிலிருந்து தூக்கியவர் அவர். புது மாத்திரை அவருக்கு ஒத்துக்கொண்டது. ஏழெட்டு விநாடி கூடியது. அதற்கு மேல் கால் ஒன்றும் சொல்லவில்லை.

அதே வாரத்தில் தங்கை போன் செய்தாள். ஹோட்டல்களின் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் லாண்டரியில் அவளுக்கு இஸ்திரிப் பிரிவில் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி.

"அண்ணா, நானும் நிறுத்திட்டேன்."

"என்னத்த?"

"மாத்திரையத்தான். பத்து நாள் ஆச்சு. சாயங்காலம் ஆனா கெண்டைக்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குமே, இப்ப எவ்வளவோ தேவலை. நீ சொன்னப்பதான் எனக்குப் புரிஞ்சுது. உன் மாப்பிள்ளை காதுல போட்டுராத, அவரு ஊரையே கூட்டிருவாரு."

அவர் அப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கி அறையில், மோட்டார் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கை முழுக்கக் கிரீஸ். "நீ டாக்டரக் கேட்டியா?" என்றார்.

"நீ கேட்டியே, போதாதா?"

"எதுக்கும் ஒரு தடவ கேட்டுரு" என்றார். "சரிண்ணா" என்றாள். அவள் கேட்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்குள் பந்தயம் வந்துவிட்டது.

ஆறு நிமிஷம் ஐம்பத்தேழு விநாடியில் ஏறி மறுபடியும் முதலாவதாக வந்தார். தங்கையும் மாப்பிள்ளையும் லிஃப்டில் மேலே போய், முடிவுக் கோட்டருகே காத்திருந்தார்கள். அவர் இடுப்பில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, தங்கை தோளில் துண்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள்: "ரெண்டு மாசம் முன்னால கால் தூக்க முடியல இவரால. ஒரு மாத்திரைய விட்டாரு, பாருங்க."

அவருடைய பைக்குள், மாற்றுச் சட்டைக்கு அடியில், புது மாத்திரைப் பட்டை இருந்தது. மூச்சு வாங்குவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார். பதக்கத்தோடு எடுத்த படத்தில் தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. அவள் ஆரோக்கியமாகத்தான் இருந்தாள். ஒரு மாதம் சொல்லாமல் விட்ட விஷயத்தை இரண்டாவது மாதம் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். நான்காவது மாதத்தில், அது சொல்ல வேண்டிய விஷயம் என்கிற ஞாபகமே வாரக்கணக்கில் வராமல் இருக்கும். வரும்போது, பல் வலி மாதிரி சட்டென்று வந்து போகும்.

பந்தயம் முடிந்து ஏழாவது மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணி. லிஃப்ட் ஏறி இறங்கும் பொந்துக்குள், கூண்டின் கூரை மேல் நின்று கேபிளைச் சோதித்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் நடுங்கியது. கூரை மேல் நிற்கும்போது போனை எடுக்கக் கூடாது என்பது அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற விதி. எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. இருபது நிமிஷம் கழித்து இறங்கி வந்து பார்த்தபோது மூன்றும் மாப்பிள்ளையிடமிருந்து.

லாண்டரியில், படுக்கை விரிப்பு ஒன்றை இயந்திரத்துக்குள் கொடுத்துக்கொண்டிருந்தவள், தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பல் வலி என்று சொல்லியிருக்கிறாள். வியர்வை கொட்டியிருக்கிறது. அந்த இடத்தில் எல்லாருக்கும்தான் வியர்வை கொட்டும், அதனால் கால் மணி நேரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், கழுத்தில் கடையின் அடையாள அட்டை நாடாவோடு தொங்கியது. இளவயது மருத்துவர் ஒருவர் காகிதத்தில் எழுதியபடியே அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடறாங்களா?"

"சாப்பிடறா சார். ஒரு நாள் தவறாது. நான்தான் மாசா மாசம் வாங்கிட்டு வர்றேன். தினமும் பட்டைலேர்ந்து ஒண்ணு பிச்சு எடுத்துக்கிட்டுத் தண்ணி குடிக்கப் போவா."

"ரத்தத்துல அளவு ரொம்ப ஏறியிருக்கே. சாப்பிடறவங்களுக்கு இவ்வளவு இருக்காது."

மாப்பிள்ளை விழித்தார். "இல்ல சார், சாப்பிடறா. எனக்கு நல்லாத் தெரியும்."

மெக்கானிக் ஒரு எட்டு முன்னால் வந்தார். "சாப்பிடல டாக்டர். நிறுத்தி ஏழு மாசத்துக்கு மேல ஆச்சு."

மருத்துவர் எழுதிக்கொண்டு உள்ளே போனார். மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

"சொன்னா."

"உங்ககிட்டச் சொன்னாளா?"

"ஆமா."

"ஏழு மாசம் முன்னால."

"ஆமா மாப்ள."

அவர் கத்துவார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது. மாப்பிள்ளை கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றி, சுருட்டி, பைக்குள் வைத்தார். "நான் தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார், தனக்குள் சொல்வது போல. "பிச்சு எடுக்கறதப் பாத்தேன். வாயில போடறதப் பாக்கல." அதற்குப் பிறகு சாயங்காலம் வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனி பாதி பலத்தில்தான் வேலை செய்யும் என்றார்கள். காலையும் பார்த்தார்கள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டிருந்தது. வருஷக்கணக்காக நின்று வேலை பார்ப்பவர்களுக்கு வருவது, மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்றார் அந்த இளவயது மருத்துவர். நிறுத்தியதும் எப்படிக் குறைந்தது என்று மெக்கானிக் கேட்டதற்கு, "குறையும்னு நம்பியிருப்பாங்க" என்றார்.

நான்காம் நாள் மாப்பிள்ளை துணி மாற்றிக்கொள்ள வீட்டுக்குப் போன நேரத்தில், தங்கையின் பக்கத்தில் அவர் மட்டும் இருந்தார். அவள் முகம் சின்னதாகிப்போயிருந்தது. பேசினால் நான்கு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு எடுத்தாள்.

"அவரு உன்ன ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"சொல்ல மாட்டாரு. நான் சொல்லிட்டேன். நிறுத்தினது நான், அண்ணன் மேல தப்பு இல்லன்னு." கொஞ்சம் இளைப்பாறினாள். "ஆனா நீ இனிமே மாத்திரை சாப்பிடணும்ணா. பந்தயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்கு வந்த மாதிரி உனக்கும் வந்துரும். நேத்தெல்லாம் அதே கவலைதான் எனக்கு."

ஜன்னலோரம் செவிலி ஒருவர் யாருடைய படுக்கையையோ சரி செய்துகொண்டிருந்தார். அவர் போகும் வரை மெக்கானிக் காத்திருந்தார். சும்மா தலையாட்டிவிட்டால் போதும். 'சரி, சாப்பிடறேன்' என்றால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"நான் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"எப்பலேர்ந்து? நேத்திலேர்ந்தா?"

"ஏழு மாசமா. டாக்டர் ஒரு மாசம்தான் நிறுத்தச் சொன்னாங்க. அப்புறம் வேற மாத்திரை குடுத்தாங்க. நீ போன் பண்ணப்ப நான் ஆரம்பிச்சிட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பந்தயத்தப்ப?"

"அப்பவும்தான்."

"நான் அந்தப் பொம்பளைகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேனே, நீ பக்கத்துலதான நின்ன."

"ஆமா."

அவள் தண்ணீர் கேட்டாள். அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார். வாயைத் துடைத்துவிடப் போனபோது துணியை அவர் கையிலிருந்து வாங்கித் தானே துடைத்துக்கொண்டாள். "நீ கிளம்பு. அவரு வந்துருவாரு" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. இரண்டாவது மாடி வீட்டை விட்டுவிட்டுத் தரைத்தளத்தில், வெளிச்சம் குறைவான ஒரு வீட்டுக்கு மாறினார்கள். சாமான்களை ஏற்றி இறக்கியதெல்லாம் மெக்கானிக்தான். மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்பதை மட்டும் சொன்னார். தங்கை அவரிடம் எல்லாம் சொன்னாளா, இல்லையா என்பது மெக்கானிக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்கவில்லை. அவள் கூப்பிட்டாள், அவர் போனார். சாப்பாட்டில் குறை இல்லை, பேச்சிலும் குறை இல்லை. ஆனால் 'அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று அவள் அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. எந்த மின்விசிறி வாங்கலாம் என்பதைக்கூட கணவரிடம்தான் கேட்டாள். மெக்கானிக் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை இரண்டு தடவை யோசித்துப் பதில் சொல்வார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்.

பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் தேதி வந்து போனது. அடுத்த ஞாயிறு அவளாகவே கேட்டாள்.

"பேரு குடுத்துட்டியா?"

"இல்ல. இனிமே அது வேண்டாம்னு விட்டுட்டேன்."

"எதுக்கு?"

அவர் தட்டைப் பார்த்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தினால் மூச்சு இரைக்கும், அதனால் மெதுவாகத்தான் சொன்னாள்.

"எனக்காக விட்டேன்னு சொல்லாத. அதையும் கொண்டு வந்து என் தலையில கட்டாத. என்னால சுமக்க முடியாது."

மாப்பிள்ளை எழுந்து அவளுக்குப் பின்னால் போய், நாற்காலி முதுகில் தலையணையைச் சரியாக வைத்தார்.

மறுநாள் காலை மெக்கானிக் பந்தய அலுவலகத்துக்குப் போய், தேதி முடிந்த பிறகும் கெஞ்சிக் கூத்தாடிப் பெயர் கொடுத்தார். ஏழு நிமிஷம் நாற்பது விநாடி. ஒன்பதாவது இடம். மாத்திரை அதேதான், அளவும் அதேதான். ஆனாலும் பதினாறாவது மாடியிலேயே கால் கனத்துவிட்டது. மேலே அவருக்காக யாரும் வரவில்லை, வரச் சொல்லி அவரும் கூப்பிடவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்று, மற்றவர்களோடு லிஃப்டில் கீழே இறங்கினார்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய் நேரத்தைச் சொன்னார். அவள் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். "ஏறிட்டியா, சரி" என்றாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். மாப்பிள்ளை ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நாளைக்கு அவளை ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை மணிக்குக் கூட்டிப் போவது, ஆட்டோவுக்கு எங்கே சொல்லி வைப்பது என்று இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.